கடல் கடந்த யத்தீமுக்குக் கொடுத்த வாக்கு

  



ஷவ்வால் மாதக் கடைசியில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்தைச் சேர்ந்த ஒரு கணவன் மனைவி என்னைத் தேடி வந்தார்கள். அவர் வளைகுடா நாட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். இப்போது ஊரோடு வந்து சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். கையில் ஒரு சிறுமியின் படம். சிரியாவிலிருந்து அகதியாகப் போய் ஜோர்டானில் தாயோடு இருக்கும் குழந்தை. தகப்பன் போரில் இறந்துவிட்டார். இவர் வெளிநாட்டில் இருந்தபோது ஒரு ரமளானில், அங்குள்ள ஒரு நிறுவனத்தின் வழியாக அந்தக் குழந்தையின் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் பணம் போனது. வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். இரண்டாவது கடிதத்திலேயே அந்தப் பிள்ளை இவரை 'பாபா' என்று எழுதியிருந்ததாம்.

இப்போது நான்கு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. கடையில் வியாபாரம் இல்லை. நிறுவனத்திலிருந்து இரண்டு முறை செய்தி வந்தும் வெட்கப்பட்டுப் பதில் போடவில்லை.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஹஜ்ரத், நான் வாக்குத் தவறியவனா?"

அந்தச் சகோதரி கேட்டது அதைவிடக் கனமானது. "ஹஜ்ரத், இவுங்க அண்ணன் மவுத்தாகி மூணு வருஷமாச்சு. ரெண்டு பிள்ளைங்க கடலூர் முதுநகர்ல இருக்கு. ஃபீஸ் கட்ட முடியலன்னு மச்சி அழுவுறாங்க. அங்க அனுப்பிட்டு இங்க விட்டுட்டோமோ?"

இந்த இரண்டு கேள்வியும் அவர்கள் வீட்டுக் கேள்வி மட்டுமல்ல. நம் மாவட்டத்தில் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, சிதம்பரம், கடலூர் எங்கே பார்த்தாலும் வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள வீடுகள். காஸா, யெமன், சூடான் செய்திகளைப் பார்த்துக் கண் கலங்கி ஒரு குழந்தையை ஏற்றுக்கொண்ட வீடுகளும் உண்டு. ஆகவே அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

நாமும் ஒரு நாள் 'கடல் கடந்தவர்கள்'

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, புதுக்குப்பம், கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டு என்று நம் கடலோரம் முழுவதும் அலை ஏறியது. மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேர் போனார்கள். பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் கல்யாண மண்டபங்களைத் திறந்துவிட்டார்கள். மீனவச் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் தங்கினார்கள், சாப்பிட்டார்கள். யாருடைய மதத்தையும் யாரும் கேட்கவில்லை. நான் அப்போது ஓதி முடித்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞன். ஒரு மனிதன் பசியோடும் ஈர உடையோடும் நிற்கும்போது அவனிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதை மதரஸாவில் படித்தேன். அந்த வாரத்தில்தான் பார்த்தேன்.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் அரசு இல்லங்கள் திறக்கப்பட்டன. குழந்தைகளைத் தத்து எடுக்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் முன்வந்தார்கள். அரசு அவசரப்பட்டு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. நல்லெண்ணத்தோடு வருபவர்களின் கூட்டத்தில் பிள்ளை கடத்துகிறவனும் நுழைந்துவிடுவான் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். அனாதையான ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்பாகப் போட்டு, 18 வயதில் கொடுப்பதாகவும் அறிவித்தார்கள்.

அதே அலைதான் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தையும் அழித்தது. அந்த நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் ஆச்சேயை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது என்று அந்த அரசும் தடை போட்டது. உதவி வரட்டும், பிள்ளை போக வேண்டாம் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நாட்களில் தேவனாம்பட்டினத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராத மனிதர்கள் உலகத்தின் ஏதோ மூலையிலிருந்து நம் பிள்ளைகளுக்காகப் பணம் அனுப்பினார்கள். அவர்கள் வீட்டில் நம் கடலூர்தான் 'வெளிநாடு'. நம் பிள்ளைகள்தான் 'எங்கோ இருக்கும் ஒரு ஏழைக் குழந்தை'. அன்று ஐந்து வயதாக இருந்தவர்கள் இன்று இருபதைத் தாண்டிவிட்டார்கள். எனவே தூரத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று நாம் எளிதாகக் கேட்டுவிட முடியாது.

நபி (ஸல்) அவர்கள் யத்தீமைப் பொறுப்பேற்பவரும் தாமும் சுவனத்தில் இப்படி இருப்போம் என்று சொல்லி, சுட்டு விரலையும் நடு விரலையும் சற்றே இடைவெளி விட்டுக் காட்டினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னொரு விளக்கமும் சேர்ந்து வருகிறது. அந்த யத்தீம் தன் உறவாக இருந்தாலும் சரி, அந்நியராக இருந்தாலும் சரி என்பது அதன் கருத்து. முதுநகரில் இருக்கும் அண்ணன் பிள்ளையும் ஜோர்டானில் இருக்கும் சிரியாப் பிள்ளையும் இந்த ஒரே ஹதீஸுக்குள் வந்துவிடுகிறார்கள்.

ஹபஷாவில் பிறந்த பிள்ளைகள்

நம் மார்க்கத்தின் ஆரம்ப நாட்களிலேயே கடல் கடந்த பிள்ளைகள் இருந்தார்கள். மக்காவில் வாழ முடியாமல் கப்பலேறி ஹபஷாவுக்குப் போன ஸஹாபாக்கள், அங்கே நஜ்ஜாஷி மன்னரின் பாதுகாப்பில் இருந்தார்கள். அங்கேயே குழந்தைகள் பிறந்தன. ஜஅஃபர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் அங்கு பிறந்தவர்தான். ஹிஜ்ரி 8-ல் மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) ஷஹீதானபோது, நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கே போய்ப் பிள்ளைகளை வரவழைத்து அணைத்துக்கொண்டார்கள். கண்ணில் நீர் வழிந்தது. அந்த வீட்டாருக்குச் சமைத்து அனுப்பும்படி மற்றவர்களுக்குச் சொன்னார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றித் தாய் கவலைப்பட்டபோது, இவர்களுக்குப் பொறுப்பாளனாக நான் இருக்கிறேன் என்ற பொருளில் ஆறுதல் சொன்னார்கள்.

இன்னொரு பிள்ளை உமர் பின் அபீஸலமா (ரலி). அவரும் ஹபஷாவில் பிறந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தகப்பனார் அபூஸலமா (ரலி) உஹதில் பட்ட காயத்தால் வஃபாத்தானார்கள். பிறகு தாயார் உம்முஸலமா (ரலி) அவர்களை நபியவர்கள் மணந்துகொண்டபோது, இந்தப் பிள்ளை நபியின் வீட்டிலேயே வளர்ந்தார். தட்டில் கை இங்கும் அங்கும் போனபோது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், உனக்கு முன்னால் இருப்பதிலிருந்து சாப்பிடு என்று நபியவர்கள் சொல்லிக் கொடுத்தது இவருக்குத்தான். நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் சாப்பாட்டு ஒழுக்கம் ஒரு யத்தீம் பிள்ளை வழியாக நமக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நபியின் வீட்டில் வளர்ந்தும், நபியின் தட்டில் சாப்பிட்டும், அவர் பெயர் கடைசி வரை உமர் பின் அபீஸலமாதான். இறந்துபோன தகப்பனின் பெயரை யாரும் எடுத்துவிடவில்லை. ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை ஒரு காலத்தில் மக்கள் ஸைத் பின் முஹம்மத் என்று அழைத்தார்கள். அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 வசனங்கள் இறங்கிய பிறகு அதுவும் மாறியது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தகப்பன்மார்களின் பெயரால் அழைப்பதே நீதி என்று அல்லாஹ் சொல்லிவிட்டான்.

சிலர் இதைக் கேட்டு, இஸ்லாம் அனாதைப் பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. பிள்ளையின் செலவை ஏற்கலாம், வீட்டில் வைத்து வளர்க்கலாம், படிக்க வைக்கலாம், கல்யாணம் முடித்துக் கொடுக்கலாம். அதற்குப் பெயர் கஃபாலத். அந்தப் பிள்ளையின் வமிசத்தை அழித்து நம் பெயரை ஒட்டுவதைத்தான் மார்க்கம் தடுக்கிறது. தகப்பனை இழந்த பிள்ளைக்கு மிச்சமிருப்பது அவருடைய பெயர் ஒன்றுதான். அதையும் நாம் எடுத்துக்கொண்டால் கொடுத்தோமா, பறித்தோமா?

அந்தச் சகோதரி என்னிடம் மெதுவாக இன்னொன்றையும் கேட்டார். அந்தப் பிள்ளையை இங்கேயே கொண்டு வந்து வளர்க்க முடியாதா என்று. ஆசையில் கேட்டது, தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறார், மொழி இருக்கிறது, உறவு இருக்கிறது. ஒரு நாட்டின் பிள்ளையை இன்னொரு நாட்டுக்குக் கொண்டு வர இரண்டு நாட்டுச் சட்டமும் வேண்டும். இவ்வளவும் ஒருபுறம் இருக்க, வளர்ப்பதால் மட்டும் மஹ்ரம் உறவு வந்துவிடாது. பருவம் அடைந்தால் வீட்டு ஆண்களிடம் பர்தா பேண வேண்டியிருக்கும். பாலகுடிப் பருவத்தில் இரண்டு வயதுக்குள் பால் கொடுத்திருந்தால்தான் அது மாறும். அதிலும் ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை. வாரிசுரிமையும் கிடையாது. ஆனால் உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாகக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வஸிய்யத்தும் செய்யலாம். பிள்ளை தாயோடு இருக்க, செலவு இங்கிருந்து போவதே அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நன்மை.

ஸகாத்தா, ஸதகாவா?

பலர் இதில் குழம்புகிறார்கள். பருவமடைவதற்கு முன் தகப்பனை இழந்த பிள்ளைதான் யத்தீம். யத்தீம் என்பதற்காகவே ஸகாத் சேராது. அந்தப் பிள்ளை ஏழையாகவும் இருக்க வேண்டும். கொடுக்கும் பணம் அந்தப் பிள்ளைக்காக அதன் பொறுப்பாளர் கையில் சேர வேண்டும். அதைக் கட்டடம் கட்டவும் விளம்பரம் போடவும் திருப்பிவிட்டால் ஸகாத் நிறைவேறாது. ஆகவே நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம், வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரு ஊர் ஸகாத்தை வேறு ஊருக்கு அனுப்பலாமா? முஆத் (ரலி) அவர்களை யெமனுக்கு அனுப்பும்போது, அங்குள்ள செல்வந்தர்களிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். இதை வைத்து ஷாஃபிஈ மத்ஹபில், உள்ளூரில் தகுதியானவர்கள் இருக்கும்போது வெளியே அனுப்பக் கூடாது என்பதே பிரபலமான கருத்து. பிற்கால அறிஞர்களில் சிலர் அனுமதித்து ஃபத்வா கொடுத்திருக்கிறார்கள். ஹனஃபீ மத்ஹபில் அது மக்ரூஹ், ஆனால் உறவினருக்கோ உள்ளூராரைவிட அதிகத் தேவையில் இருப்பவருக்கோ அனுப்பினால் மக்ரூஹ் இல்லை. நம் கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்ளே வர வர ஹனஃபீகளும் இருப்பதால் இரண்டையும் சொன்னேன். ஸதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எந்த ஊருக்கும் எந்த மதத்துப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். இந்தியாவில் இருக்கும் தனி நபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் தருகிறது. அன்பளிப்பும் நன்கொடையும் அதில் அடங்கும். நாம் அனுப்பும் சில ஆயிரத்துக்கு அது தாராளம். உண்டியலில் போட்டு விடுவது வேண்டாம். நன்மை தேடப் போய், கடைசியில் பணம் எங்கே போனது என்று அதிகாரிகள் கேட்கும்போது முழிக்கக் கூடாது.

வாக்கு

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். யத்தீமின் சொத்தை, அவர் பருவத்தை அடையும் வரை, மிகச் சிறந்த முறையில் அன்றி நெருங்காதீர்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். அதே வசனத்தில், அதை ஒட்டியே, வாக்கை நிறைவேற்றுங்கள், வாக்கைப் பற்றி விசாரிக்கப்படும் என்கிறான். ஓதும் காலத்தில் இந்த இரண்டும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் என்று யோசித்ததில்லை. இந்தத் தம்பதியைப் பார்த்த பிறகு யோசித்தேன். பெரியவர்கள் சொல்லும் வார்த்தையை மட்டுமே நம்பி வாழ்வது யத்தீம்தான். நமக்கு வராத கடனைக் கேட்க நாக்கு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? அடுத்த மாதமும் பணம் வரும் என்று தாய் ஸ்கூலில் சேர்த்திருப்பார். வராவிட்டால் பிள்ளை வீட்டில் இருக்கும். எதனால் நின்றது என்று அதற்குத் தெரியாது. நாம் ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமோ என்றுகூட நினைக்கும்.

சட்டமாகச் சொல்வதென்றால், வாக்குறுதியை நிறைவேற்றுவது பெரும்பான்மை அறிஞர்களிடம் வலியுறுத்தப்பட்ட நற்செயல். காரணமில்லாமல் மீறுவது கடும் வெறுப்புக்குரியது. கொடுக்கும்போதே நிறைவேற்றும் எண்ணம் இல்லாவிட்டால் அது நயவஞ்சகத்தின் அடையாளத்தில் சேரும். அல்லாஹ்வுக்காக என்று நேர்ச்சையாகச் சொல்லியிருந்தால் கடமையாகிவிடும். இவர் நேர்ச்சை செய்யவில்லை. வேலை போனது உண்மையான காரணம். ஆகவே பணம் அனுப்ப முடியாததற்காக நீங்கள் குற்றவாளி இல்லை தம்பி என்றேன். ஆனால் நான்கு மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? முடியவில்லை என்று முதல் மாதமே எழுதியிருந்தால், அவர்கள் அந்தப் பிள்ளைக்கு வேறொருவரைத் தேடியிருப்பார்கள். அவர் தலை குனிந்தார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நம் பழக்கம் ஒன்று இருக்கிறது. ரமளான் இருபத்தேழாம் இரவு மனம் இளகிப் பெரிய தொகையை ஒப்புக்கொள்வோம், ஹஜ்ஜுப் பெருநாள் வருவதற்குள் அது பாரமாகிவிடும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவது என்று நபியவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஒரு பிள்ளையை ஏற்பதற்கு முன், சம்பளம் பாதியானாலும் இதைக் கொடுக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடிதத்தையும் படத்தையும் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியோ நன்றியோ எதிர்பார்க்கவில்லை என்று சொல்லும் நல்லோரைத் தஹ்ர் அத்தியாயம் புகழ்கிறது. இன்று நாம் போடும் படத்தை நாளை அந்தப் பெண் பெரியவளாகிப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள்

அண்ணன் பிள்ளைகள் விஷயத்தில் நான் தயங்கவில்லை. ஏழைக்குக் கொடுப்பது ஒரு தர்மம், உறவினருக்குக் கொடுப்பது தர்மமும் உறவைச் சேர்ப்பதுமாக இரட்டை நன்மை என்ற கருத்தில் ஹதீஸ் திர்மிதீ, நஸயீயில் வந்திருக்கிறது. அண்ணன் பிள்ளைகளுக்கு ஸகாத்தும் கொடுக்கலாம். பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்குத்தான் கூடாது. கடைச் சரக்குக்கு அவர் தனியாக ஸகாத் கணக்கே பார்க்கவில்லை. உட்கார்ந்து பார்த்ததில், கடன் போக நிஸாபைத் தாண்டி இருந்தது.

இன்னொன்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தகப்பனை இழந்து தாயோடு வாழும் பிள்ளைகளுக்கு மத்திய, மாநில அரசுகளின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்று, வருமானச் சான்று, பிள்ளைகளின் ஆதார், பள்ளிச் சான்று கேட்பார்கள். எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடாது, நிதியைப் பொறுத்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் மனுவே கொடுக்காத விதவைச் சகோதரிகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! இத்தா முடிந்ததும் நாம் போய் ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். காகிதம் எழுதிக் கொடுக்க ஒரு வாலிபன் கூடப் போவதில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்று மஃரிபுக்கு முன்பே அந்தச் சகோதரர் பள்ளியில் உட்கார்ந்தபடி நிறுவனத்துக்கு எழுதினார். மன்னிப்புக் கேட்டார், தன் நிலையைச் சொன்னார், இனி முழுத் தொகையைத் தர முடியாது என்றார். மூன்று நாளில் பதில் வந்தது. பிள்ளை பள்ளியில்தான் இருக்கிறாள், பொது நிதியிலிருந்து இதுவரை சமாளித்தோம், இனி என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று. நான் பள்ளியில் யார் பெயரும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பேர் முன்வந்தார்கள். இப்போது மூன்று வீட்டிலிருந்தும் மூன்றில் ஒரு பங்காகப் போகிறது. அண்ணன் பிள்ளைகளின் ஃபீஸை அவர் ஸகாத் கணக்கிலிருந்து கட்டினார். மனுவை அவர் மனைவியே மச்சியோடு கடலூருக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பதில் இன்னும் வரவில்லை.

போன வாரம் ஜோர்டானிலிருந்து கடிதம் வந்ததாகச் சொன்னார். இந்த முறை அந்தப் பிள்ளை, தாய் சொல்லிக் கொடுத்தோ என்னவோ, 'பாபா' என்று எழுதவில்லை. 'அம்மூ' என்று எழுதியிருக்கிறாள். அரபியில் சித்தப்பா, பெரியப்பாவை அழைக்கும் சொல். அவருக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாக இருந்ததாம். அதுதான் சரியான சொல் என்றேன். முதுநகரில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் அந்த உறவுதானே.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.